இழுபடுகிற சீஸ் மட்டக்களப்பில் எங்கே கிடைக்கும்?
கல்லடியில் இருக்கிறோம், வருகிற சனிக்கிழமை மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே பீட்சா போட யோசனை. போன முறை முக்கோணச் சீஸ் வாங்கினேன், துருவ வராமல் விரலில் அப்பியது, ஓவனில் வைத்தால் நூலாக இழுபடாமல் களிம்பு மாதிரிக் கிடந்தது. செடார் உருகியது, ஆனால் எண்ணெய் கக்கிவிட்டது. மொசரெல்லாதான் சரி, திரைந்த பாற்கட்டியைச் சுடுநீரில் பிசைந்து இழுத்துச் செய்வதால்தான் அதற்கு அந்த இழுவை. இத்தாலியில் எருமைப் பாலிலும் செய்கிறார்கள். எருமைத் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நான் சீஸுக்கு அலைகிறேன்!

பாலில் தேசிக்காய் விட்டும் பார்த்தேன், வந்தது பனீர், அது உருகவே உருகாது. மொசரெல்லாவுக்கு ரெனெட் வேண்டும், அதாவது பாலைத் திரைய வைக்கும் நொதி. இங்கே யாரிடம் கிடைக்கும்? படுவான்கரைப் பக்கம் தண்ணீர் கலக்காத எருமைப் பால் தருபவர்களைத் தெரியுமா? டவுனில் மொசரெல்லா கண்டவர்கள் இருந்தால் கடையையும் விலையையும் சொல்லுங்கள், வெள்ளிக்கு முதல்.