உயிலா, தான செட்டில்மென்டா? பிள்ளைகளுக்குள் வழக்கு வராமல் சொத்தை எழுதி வைப்பது எப்படி?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 72. மனைவி இருக்கிறார். மூத்தவள் மகள், அடுத்து இரண்டு மகன்கள், மூவருக்கும் திருமணமாகிவிட்டது. 1986இல் என் சம்பாத்தியத்தில் கிரையம் பெற்ற வீடு ஒன்று இருக்கிறது. அதன் மாடியை இளைய மகன் தன் பணத்தில் கட்டிக்கொண்டு எங்களுடனேயே வசிக்கிறான். பாபநாசம் வட்டத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அது தாத்தா காலத்து நிலம். 1978இல் சகோதரர்களுடன் செய்துகொண்ட பாகப்பிரிவினையில் என் பங்காக வந்தது, பட்டாவும் என் பெயரில் இருக்கிறது. வீட்டை இளையவனுக்கும் நிலத்தை மூத்தவனுக்கும் எழுதிவிடலாம் என்பது என் எண்ணம். மகளுக்கு 1998இல் நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்று என்று மகன்கள் சொல்கிறார்கள்; மகள் இதுவரை எதுவும் கேட்டதில்லை. உயில் எழுதுவது நல்லதா, உயிருடன் இருக்கும்போதே சொத்தைக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட் பத்திரத்தை இப்போதே செய்துவிடுவது நல்லதா?

பதில்: வழக்கறிஞர், தஞ்சாவூர்

ஐயா, உயிலா செட்டில்மென்டா என்பதற்கு முன்பாக, எது உங்களுடையது என்பதைப் பார்க்க வேண்டும். வீடு உங்கள் சுயசம்பாத்தியம். யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் அப்படியல்ல. பட்டா உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால் பூர்வீக நிலம் முழுவதும் உங்களுடையதாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தத்தின்படி, 25.3.1989 அன்று திருமணமாகாமல் இருந்த மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. உங்கள் மகளின் திருமணம் 1998இல் நடந்ததால் அந்த உரிமை அவருக்கு அப்போதே வந்துவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்திவிட்டது. சீர் செய்தாயிற்று என்ற வாதம் பங்கைக் குறைக்காது.

ஆகவே நிலத்தில் நீங்கள், மகள், இரு மகன்கள் என நான்கு பங்கு. உயிலில் நீங்கள் எழுதக்கூடியது உங்கள் கால் பங்கை மட்டுமே. முழு நிலத்தையும் மூத்தவருக்கு எழுதி வைத்தால், உங்கள் காலத்துக்குப் பிறகு பாகப்பிரிவினை வழக்குக்கு நீங்களே வாசல் திறந்துவிட்டது போல் ஆகும்.

பதில்: பத்திர எழுத்தர், மயிலாடுதுறை

வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். குடும்பத்தாருக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் மாற்றிய கட்டணம் இது. செலவு குறைவுதான் என்று பலர் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு எங்களிடம் வந்து ரத்துப் பத்திரம் எழுதச் சொல்கிறார்கள். கொடுத்து, வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பிறகு ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அப்படியும் செட்டில்மென்ட்தான் என்றால், உங்களுக்கும் அம்மாவுக்கும் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வழி இருக்கும்.

என்னைக் கேட்டால் உயிலே மேல். உயிருடன் இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எனவே உங்கள் வயதுடைய நண்பர்களைப் போடாமல், உங்களிடம் படித்த, உள்ளூரிலேயே இருக்கிற இளையவர்களைச் சாட்சியாகப் போடுங்கள். சொத்துப் பெறும் மகனே காரில் அழைத்து வந்து, அவரே எழுத்தருக்கு விவரம் சொல்லி எழுதப்படும் உயிலைத்தான் எதிர்த்தரப்பு முதலில் சந்தேகத்துக்குள்ளாக்கும். தனியாக வாருங்கள்.

பதில்: இல்லத்தரசி, திருவாரூர்

ஐயா, நான் உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள். எங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தி இலையைக்கூட எடுக்கவில்லை. சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தைத் தம்பி நீட்டி, கையெழுத்துப் போடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக் காட்டினான். அப்பா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷமாகவே போட்டிருப்பேன். அன்று போடவில்லை, ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குப் போட்ட நகையை இன்றைய பவுன் விலையில் கணக்குப் பார்க்கிறவர்கள், தம்பியின் பொறியியல் படிப்புக்கு ஆன செலவை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை. உங்கள் மகள் கேட்கவில்லை என்பதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மகன்கள் இல்லாத நேரத்தில், மாப்பிள்ளையையும் வைத்துக்கொள்ளாமல், அவளிடம் நீங்களும் அம்மாவும் பேசுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளிடம் பேசினோம். நிலத்தில் தன் பங்கை மூத்த தம்பிக்கே கொடுக்கச் சம்மதம் என்றாள். ஆனால் அம்மாவின் நகைகளைப் பற்றி மருமகள்கள் முடிவு செய்யக்கூடாது என்றாள். இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு சந்தேகம்: இளையவன் கட்டிய மாடியை எப்படி எழுதுவது?

பதில்: வழக்கறிஞர், தஞ்சாவூர்

நகைகள் அம்மாவுடையவை, அவற்றுக்கு அவர்தான் தனியாக உயில் எழுத வேண்டும், உங்கள் உயிலில் சேர்க்க வேண்டாம். மகளின் சம்மதத்தை வாய்வார்த்தையாக விடாமல், நீங்கள் இருக்கும்போதே நால்வரும் சேர்ந்து நிலத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, பிறகு மகள் தன் பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுக்கட்டும். மாடி யார் பணத்தில் கட்டியதாக இருந்தாலும், மனை உங்கள் பெயரில் இருப்பதால் முழு வீடும் உங்கள் சொத்தாகவே கணக்கில் வரும். வீடு முழுவதையும் இளையவருக்கே எழுதுவதாக இருந்தாலும், மாடி அவர் செலவில் எழும்பியது என்பதை உயிலில் ஒரு பத்தியாகக் குறிப்பிட்டு, கட்டுமான ரசீதுகளையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் அவரிடமே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். மற்ற இருவரும் பின்னாளில் கேள்வி எழுப்பினால், அவருக்கு ஏன் கூடுதலாகக் கொடுத்தீர்கள் என்பதற்கு உங்கள் சொல்லே பதிலாக இருக்கும்.