லெஸ்டர் கீழே போனால் நல்லதா? ஒரு நரியின் கேள்வி

கொப்பிக்காரன் | 9 ஏப்ரல் 2025

வணக்கம். இந்த இங்கிலாந்துக் கால்பந்து மன்றத்தில் பெரும்பாலும் லிவர்பூல், ஆர்சனல், யுனைடெட் பற்றித்தான் பேச்சு. நான் லெஸ்டர் சிட்டி ஆள். சிரிக்க வேண்டியவர்கள் முதலில் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

திங்கள் இரவு எட்டு மணிக்கு நியூகாசிலோடு ஆட்டம். நானும் பதினொரு வயது மகனும் போயிருந்தோம். இரண்டாவது நிமிடத்தில் ஒரு கோல், பதினோராவது நிமிடத்தில் இன்னொன்று, முப்பத்து நான்கில் மூன்றாவது. மூன்றாவதை அடித்த ஹார்வி பார்ன்ஸ் எங்கள் கழகம் வளர்த்துவிட்ட பிள்ளை. இறைச்சி ‘பை’ (pie) வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

31 ஆட்டங்களில் 17 புள்ளி. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்காமல் தப்பிக்கும் இடத்துக்கு இன்னும் 15 புள்ளி, மிச்சம் ஏழு ஆட்டம். கணக்குப்படி உயிர் இருக்கிறது என்று சொல்லலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

கடைசி விசில் ஊதியபோது எனக்குக் கவலை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ‘அப்பாடா, அடுத்த வருடம் சாம்பியன்ஷிப்’ என்று மனம் சொன்னது. (சாம்பியன்ஷிப் என்றால் பிரீமியர் லீக்குக்கு அடுத்த, இரண்டாம் நிலை லீக்.) அன்றிரவு முழுக்க அந்த நிம்மதியை நினைத்து வெட்கப்பட்டேன். அதனால்தான் கேட்கிறேன்: கீழே போவதில் உண்மையாகவே நன்மை உண்டா? அல்லது எட்டாத பழத்தைப் பார்த்துப் புளிக்கும் என்று சொன்ன நரியின் கதையா இது? (எங்கள் அணியின் செல்லப்பெயரே நரிகள். இந்தப் பகிடியை வேறு யாரும் செய்வதற்கு முன் நானே செய்துவிட்டேன்.)

என் வீட்டு நிலைமையைச் சொன்னால் விளங்கும். மகன் சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளிக்குப் போகிறான், வேண்டா வெறுப்பாக. 2023இல், வருடம் முழுக்கச் செல்லும் பருவச் சீட்டு வாங்கியபோது அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்தேன். நம் மைதானத்தில் நம் அணி அடிக்கும் ஒவ்வொரு லீக் கோலுக்கும், அடித்தவரின் பெயரைத் தமிழில் கொப்பியில் எழுத வேண்டும். நாங்கள் அப்போது சாம்பியன்ஷிப்பில் இருந்தோம். அந்த வருடம் லீக்கில் மொத்தம் 89 கோல், அதில் எங்கள் மைதானத்துக் கோல்களையெல்லாம் எழுதினான். ‘டியூஸ்பரி-ஹால்’ எழுதி எழுதியே அவனுக்குக் கொம்பும் சுழியும் பழகின. சவுதாம்டனை 5-0 என்று வென்ற இரவில் ஃபாட்டாவு மட்டும் மூன்று அடித்தார். மகன் பேருந்திலேயே மூன்று முறை எழுதி முடித்தான். பள்ளி ஆசிரியை கையெழுத்து திருந்திவிட்டது என்று பாராட்டினார். காரணம் என்ன என்று நான் சொல்லவில்லை.

இந்த வருடம் கொப்பியில் கடைசியாக ஏறிய பெயர் டெகோர்டோவா-ரீட். டிசம்பர் 8, பிரைட்டனோடு 2-2. அதற்குப் பிறகு வுல்வ்ஸ், மான்செஸ்டர் சிட்டி, பாலஸ், ஃபுல்ஹம், ஆர்சனல், பிரென்ட்ஃபோர்ட், யுனைடெட், நியூகாசில். எங்கள் மைதானத்தில் எட்டு லீக் ஆட்டம், எட்டுத் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. நான்கு மாதமாக என் பிள்ளை தமிழ் எழுதவில்லை.

நடுவே ஜனவரியில், லீக்கில் சேராத எஃப்.ஏ. கோப்பையில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை எங்கள் மைதானத்தில் 6-2 என்று வென்றார்கள். கோப்பை ஆட்டத்துக்குப் பருவச் சீட்டு செல்லாது, வேறு டிக்கெட் வாங்க வேண்டும். எனக்கு இரவு வேலை, போகவில்லை. ஆறு கோல்! அந்த ரேஞ்சர்ஸ் எந்த லீக் என்று பாருங்கள். சாம்பியன்ஷிப்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். திங்களன்று ஜெரமி மோங்கா என்ற பதினைந்து வயதுப் பையனை இறக்கினார்கள். எல்லோருடைய சட்டையிலும் சூதாட்ட நிறுவனத்தின் பெயர், அவன் சட்டையின் முன்பக்கம் மட்டும் வெறுமை. ‘ஏன் அப்பா அவனுக்கு ஒன்றும் எழுதவில்லை?’ என்று மகன் கேட்டான். சின்னப் பிள்ளை அந்த விளம்பரத்தைப் போடக் கூடாது என்றேன். ‘எனக்கு இன்னும் நாலு வருடம்தான்’ என்று விரல்விட்டு எண்ணினான். அந்த 90 நிமிடத்தில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஒரு தருணத்தில்தான்.

---

ஃபில்பர்ட் தெரு | 9 ஏப்ரல் 2025

தம்பி, நான் பழைய மைதானத்துக் காலத்து ஆள். உங்கள் வெட்கம் எனக்குப் பழகிய வெட்கம்.

2008 மே மாதம் ஸ்டோக்கில் 0-0. அந்த ஒரு புள்ளியோடு ஸ்டோக் பிரீமியர் லீக்குக்கு ஏறியது, நாங்கள் சரித்திரத்திலேயே முதல் தடவையாக மூன்றாம் நிலைக்கு இறங்கினோம். ஒரே மைதானத்தில் ஒரு பக்கம் கல்யாண வீடு, மறுபக்கம் இழவு வீடு. அன்று வீடு திரும்பும் வழியில் காரில் நான்கு பேர் இருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருடத்தைப் பற்றிக் கேளுங்கள். ஹியர்ஃபர்ட், யோவில், செல்ட்னம், ஹார்ட்லிபூல் என்று வரைபடத்தில் தேடிப் பார்த்துத்தான் கிளம்புவோம். சின்னச் சின்ன மைதானங்கள். நைஜல் பியர்சன் பயிற்சியாளர், மாட்டி ஃபிரையட் லீக்கில் மட்டும் 27 கோல். 46 ஆட்டத்தில் நான்கே தோல்வி, 96 புள்ளி, முதலிடம். 2016இல் 5000-க்கு ஒன்று என்ற பந்தய விகிதத்தை முறித்துப் பிரீமியர் லீக் வென்றோமே, அதை உலகமே பார்த்தது. ஹியர்ஃபர்டை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம். இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல எனக்கு வராது.

ஆனால் இனிப்பு மட்டும் தந்து அனுப்ப மாட்டேன். 2002இலும் இறங்கினோம், புது மைதானத்தின் கடனோடு. அக்டோபரில் கழகம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. களத்தில் அடுத்த வருடமே ஏறிவிட்டோம், கழகத்திடமிருந்து பணம் வர வேண்டிய வெளியாட்கள்தான் அடி வாங்கினார்கள். 2004இல் மறுபடி இறங்கினோம், திரும்பி ஏறப் பத்து வருடம் பிடித்தது. ‘ஒரு வருடம் ஜாலியாக வென்றுவிட்டு வருவோம்’ என்பவர்கள் அந்தப் பத்து வருடத்தை மறந்து பேசுகிறார்கள்.

---

எம்-69 தெற்கு | 10 ஏப்ரல் 2025

நான் உங்கள் பக்கத்து ஊர் கவென்ட்ரியின் ஆதரவாளன். நெடுஞ்சாலையின் மறுமுனையிலிருந்து சிரிக்க மட்டும் வந்தேன், கொப்பிக் கதையைப் படித்தபின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாதிதான்.

34 வருடம் உச்ச லீக்கில் இருந்து 2001இல் விழுந்தோம். நாங்களும் ‘ஒரு வருடம்தான்’ என்றோம். 2012இல் மூன்றாம் நிலை, 2017இல் நான்காம் நிலை. சொந்த ஊரில் விளையாட இடமில்லாமல் நார்தாம்டனில் ஒரு பருவம், பர்மிங்காமில் இரண்டு. நார்தாம்டனில் உள்ளே போக மறுத்தவர்கள் வெளியே இருந்த மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதிலும் நன்மை உண்டு என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

இருந்தாலும் 2018இல் வெம்பிளியில் எக்ஸிட்டரை 3-1 என்று வென்று நான்காம் நிலையிலிருந்து ஏறிய நாளில் பக்கத்து இருக்கைக் கிழவர் என் தோளில் சாய்ந்து அழுதார். பெயர்கூடத் தெரியாது. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நன்மை உண்டு. விழும்போது அது கண்ணுக்குத் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக நீங்கள் இங்கே வந்தது 2024 ஜனவரி. 3-1. யாருக்கு மூன்று என்பது நினைவிருக்கும். பிள்ளையைக் கூட்டி வாருங்கள், நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

---

வரவு செலவு | 10 ஏப்ரல் 2025

உணர்ச்சியைத் தாண்டி ஒரு குறிப்பு. இறங்கும் கழகங்களுக்குப் பாராசூட் பணம் உண்டு: ஒளிபரப்பு வருமானத்தில் எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கும் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், இரண்டாம் ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. ஏறிய ஒரே வருடத்தில் இறங்கினால் அந்த மூன்றாம் ஆண்டு கிடையாது. லெஸ்டர் இப்போது அந்த வகை. சம்பளப் பட்டியலைச் சுருக்க இரண்டு வருடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். பியர்சன் காலத்துக் கதைகள் இனிமையானவை, அன்றைய சம்பளக் கணக்கு வேறு.

---

வேளச்சேரி நரி | 11 ஏப்ரல் 2025

சென்னையிலிருந்து எழுதுகிறேன். 2016இல்தான் கால்பந்தே பார்க்க ஆரம்பித்தேன், ஆகவே ‘வெற்றியைப் பார்த்து வந்தவன்’ என்று தாராளமாகத் திட்டலாம். அண்ணா, உங்களுக்குக் கிடைக்கும் நன்மை எல்லாம் மைதானத்துக்குப் போகிறவர்களுக்குத்தானே? எனக்குச் சனிக்கிழமை இரவு ஏழரை மணி ஆட்டம் தொலைக்காட்சியில் வரும் என்பதே வாழ்க்கை. இறங்கிவிட்டால் பல வாரம் கைப்பேசியில் எண் மாறுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் நண்பர்கள் எல்லாம் பெரிய அணிக்காரர்கள். ‘உன் அணி இன்னும் இருக்கிறதா?’ என்பார்கள்.

---

கொப்பிக்காரன் | 12 ஏப்ரல் 2025

எல்லோருக்கும் நன்றி.

வேளச்சேரித் தம்பி, உங்கள் கேள்வி சுடுகிறது. பதில் என்னிடம் இல்லை. கோல் விழும் நாளில் இங்கே வந்து உடனே எழுதுகிறேன், அதுதான் என்னால் முடிந்தது.

அண்ணை, பத்து வருடக் கணக்கை நீங்கள் நினைவுபடுத்தியது நல்லது. நான் 2023-24ஐ மட்டும் மனதில் வைத்துக் கனவு கண்டிருக்கிறேன்: 97 புள்ளி, 31 வெற்றி, காணொளியில் கோலைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். கிடையாது, கோல் விழுந்தால் விழுந்ததுதான். கொண்டாடிவிட்டு யாரோ ஓர் அறையில் கோடு போட்டுப் பார்க்கும்வரை மூச்சைப் பிடித்து நிற்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்கள் அதிகம், தமிழ்ப் பள்ளி முடிந்து நேராகப் போகலாம். அந்த அணியை வழிநடத்திய மரெஸ்கா செல்சிக்குப் போய்விட்டார், டியூஸ்பரி-ஹாலும் கூடவே போனார் என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

கவென்ட்ரிக்காரரே, உங்கள் விழும்போது வரும் சந்தேகம் பற்றிய வரியை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ‘அவர்கள் நம்மை வென்றவர்கள், கேட்காதே’ என்றான். அதே பருவத்தின் முதல் ஆட்டத்தில் உங்களை 2-1 என்று வென்றோம் என்றும் எழுதச் சொன்னான். கொப்பியின் முதல் பக்கமே அதுதான்.

---

கொப்பிக்காரன் | 4 மே 2025

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்தேன்.

ஈஸ்டர் ஞாயிறன்று லிவர்பூலோடு 0-1. மாற்று ஆட்டக்காரராக வந்த அலெக்சாண்டர்-ஆர்னால்ட் அடித்தார், ஐந்து ஆட்டம் மிச்சமிருக்கும்போதே நாங்கள் இறங்கினோம். கோல் இல்லாமல் எங்கள் மைதானத்தில் தொடர்ந்து ஒன்பது லீக் தோல்வி. எதிர்பார்த்த நிம்மதி அன்றைக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் பதிவில் பெரிய ஞானிபோல எழுதியிருந்தேன். லிவர்பூல் ஆட்கள் தங்கள் பட்டத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள், நான் முன் இருக்கையின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். சில நாளில் எங்கள் நெடுநாள் கோல்காரர் வார்டியும் பருவ முடிவில் போகிறேன் என்று அறிவித்தார். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

நேற்று சவுதாம்டன். எங்களைப் போலவே இறங்கிவிட்ட அணி. முழுக்க நனைந்த இருவருக்குள் முக்காடு யாருக்கு என்ற போட்டி. மகன் முதலில் வர மறுத்தான். கொப்பியை எடுக்க வேண்டாம் என்று நானே சொன்னேன், பாரம் குறையட்டும் என்று. பிறகுதான் கிளம்பினான்.

பதினேழாவது நிமிடத்தில் வார்டி அடித்தார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? கடைசி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அணிகள், ஒன்றும் மாறப்போவதில்லை, ஆனாலும் ஐந்து மாதக் கோல் ஒன்றாக வந்து விழுந்ததுபோல இருந்தது. பின் வரிசைக்காரர் தன் தேநீரை என் முதுகில் கொட்டிவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்காமல் என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் கேட்கவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன் ஜோர்டன் ஏயூ இன்னொன்று. 2-0.

கொப்பி இல்லை என்பதால் மகன் இறைச்சி ‘பை’ வாங்கிய ரசீதின் பின்பக்கத்தை எடுத்தான். பேனை முன்னால் இருந்த பாட்டியிடம் இரவல். ‘ஏயூ’ சுலபமாக எழுதிவிட்டான். மற்றதில் நின்றான்.

‘அப்பா, வார்டிக்கு ஒரு ட-வா, நடுவில் ட்-டும் போட வேண்டுமா?’

நான் ஒன்றுதான் என்றேன். தமிழ்ப் பள்ளி ஆசிரியை இதைப் படித்தால் திருத்தவும்.