தாத்தா ஸ்வெட்டர்: முதுகுப் பக்கம் மேலே ஏறுது, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டியில இருக்கிற தாத்தாவுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டு இருக்கேன். கழுத்துல தொடங்கி கீழே இறங்குற ராக்லன் மாடல் (கழுத்துல இருந்து அக்குள் வரைக்கும் சாய்வா கோடுகள் வரும், அந்தக் கோடுகள் ஓரமா கண்ணி கூட்டிட்டே வரணும்), தலை வழியா மாட்டுறது. வயசாகி அவருக்கு மேல்முதுகு நல்லா கூனிப்போச்சு. போட்டுப் பார்த்தா பின்பக்கம் 5 செ.மீ. மேலே நிக்குது, முன்கழுத்து தொண்டையை அழுத்துது, நெஞ்சுக்குக் கீழே துணி மடிஞ்சு தொங்குது. கடை ஸ்வெட்டர்லயும் அவருக்கு இதே பாடுதான். குனிஞ்சா இடுப்புல குளிர் ஏறிடும். அதனாலதான் அவர் உடம்புக்குன்னே பின்னணும்னு இறங்கினேன்.

அளவு: அவர் மார்பு 36 அங்குலம், ஸ்வெட்டர் 40. ஊசி 4 மி.மீ. 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. யோக் (கழுத்துல இருந்து அக்குள் வரைக்கும் உள்ள மேல்பகுதி) முடிஞ்சு, அக்குளுக்குக் கீழே ஒரு சாண் வந்தாச்சு.

பின்கழுத்துல ஷார்ட் ரோ (வரிசையை முழுசா முடிக்காம பாதியிலேயே திரும்பிப் பின்னுறது, அந்த இடத்துல மட்டும் நீளம் கூடும்) கூட்டிப் பார்த்தேன். பிடரியில துணி குவியுது, கூன் இருக்கிற இடத்துக்கு நீளம் போய்ச் சேரல. அடுத்த சைஸ் பின்னினா தோள் வழிஞ்சு விழுது. பின்விளிம்பை மட்டும் நீட்டினேன். ஓரம் சமமாச்சு, தொண்டை அழுத்தம் அப்படியே இருக்கு.

யோக் வரைக்கும் பிரிக்கத் தயார். டிசம்பர் உறைபனிக்கு முன்னாடி அவர் போட்டுக்கணும்.

கூனின் உச்சிக்கு நேரா, பின்பக்க ராக்லன் கோடுகளுக்கு நடுவுல மட்டும் 16 வரிசை ஷார்ட் ரோ போட்டா, அந்த வரிசைகள்ல ராக்லன் கண்ணி கூட்டணுமா, கூட்டாம விடணுமா?