எம் சைஸ் ஸ்ட்ராப்பி ஸ்போர்ட்ஸ் பிரா: கழுத்தோரம் அழுத்துது, கீழ்ப்பட்டி மேல ஏறுது. எல் வாங்கலாமா?

விடியல்நடை:

காலையில 40 நிமிஷம் யோகா, சாயங்காலம் பார்க்கில நடை. இதுக்குன்னு வாங்கின ஸ்போர்ட்ஸ் பிரா, முதுகில நாலு மெல்லிய ஸ்ட்ராப் குறுக்கும் நெடுக்கும் போற மாடல். கொக்கி கிடையாது, தலை வழியா மாட்டணும். ஸ்ட்ராப்பை ஏத்தி இறக்கவும் முடியாது. லேபிள்ல லோ இம்பாக்ட்னு, அதாவது அதிகம் குலுங்காத பயிற்சிக்குன்னு இருக்கு. துணி 78% நைலான், 22% ஸ்பாண்டெக்ஸ். சைஸ் எம். சாதாரண பிரா 36பி.

கால் மணி நேரத்துல கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல சிவப்பா கோடு விழுது. கையைத் தூக்கினா கீழ்ப்பட்டி ஒரு இன்ச்சுக்கு மேல ஏறிடுது, திரும்பக் கையால இழுத்து விடணும். உள்ள இருக்கிற பேடு ஒவ்வொரு துவைப்புக்கும் மடங்கிச் சுருண்டுக்குது. கடையில கேட்டா, "டைட்டா இருக்கும்மா, எல் எடுங்க"ங்கிறாங்க. எல் எடுத்தா சரியாகுமா, மாடலே தப்பா?

ஓவர்லாக்:

எல் எடுக்காதீங்க. இப்ப இருக்கிறதே உங்களுக்கு லூஸ்ன்னுதான் தோணுது.

தோள்ல கோடு விழுந்தா டைட்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பாரத்தைத் தாங்க வேண்டியது விலாவைச் சுத்திப் போற கீழ்ப்பட்டி. அது உடம்பைப் பிடிக்கலைன்னா மொத்த எடையும் ஸ்ட்ராப்புக்குப் போயிடும். சாதாரண பிராவில ஸ்ட்ராப் கொஞ்சம் அகலமா இருக்கும், ஓரளவு சமாளிச்சுடும். இந்த மாடல்ல அது வெறும் கயிறு. அதே எடை பாதி அகலத்துல இறங்கினா அழுத்தம் ரெட்டிப்பு. எல் வாங்கினா பட்டி இன்னும் தளரும், கோடு இன்னும் ஆழமா விழும்.

ஊகிக்க வேண்டாம், இன்ச் டேப் எடுங்க. பிரா இல்லாம நின்னு, மூச்சை முழுசா விட்டுட்டு, மார்புக்கு நேர் கீழே டேப்பைத் தரைக்கு இணையா சுத்தி நல்லா இறுக்கிப் பிடிச்சு ஒரு அளவு. அப்புறம் இடுப்பை மடக்கி முன்னாடி குனிஞ்சு, மார்போட நடுவுல இறுக்காம ஒரு அளவு. கடைசியா பிராவைத் தட்டையா மேஜை மேல விரிச்சு, இழுக்காம, கீழ்ப்பட்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எவ்வளவுன்னு பாருங்க. மூணு எண்ணையும் போடுங்க.

விடியல்நடை:

கீழே 31. குனிஞ்சு அளந்தா 35. பட்டி விரிச்சு வச்சா 14.5 இன்ச்.

ஓவர்லாக்:

சந்தேகமே இல்லை.

35க்கும் 31க்கும் வித்தியாசம் 4 இன்ச், அது டி கப். பட்டி 32. ஆக நீங்க 32டி. மார்புச் சுற்று 35ஐ மட்டும் பார்த்துட்டு கடையில 36ஐ எடுத்துக் கொடுத்திருப்பாங்க. 36பி, 34சி, 32டி மூணுக்கும் கப்போட கொள்ளளவு ஒண்ணுதான், பட்டிதான் மாறும். அதனாலதான் கப் பொருந்தின மாதிரி இருந்து உங்களை இத்தனை நாள் ஏமாத்தியிருக்கு.

பட்டி தட்டையா 14.5ன்னா சுற்று 29. அது 31 இன்ச் உடம்புக்குப் போகும்போது ரெண்டு இன்ச், அதாவது 7% தான் இழுபடுது. கொக்கி இல்லாத பிராவில 15 முதல் 20% வரை இழுபட்டாத்தான் பட்டி இடத்துல நிக்கும். உங்களுக்கு வேண்டியது தட்டையா 13 முதல் 13.5 இன்ச். கடையில எஸ், எம்ங்கிற எழுத்தைப் பார்க்காம இந்த எண்ணைப் பாருங்க; ஒரே எம் ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒவ்வொரு அளவு. எஸ் எடுத்தா பட்டி சரியா வரும், ஆனா டி கப்புக்கு மேலயும் அக்குள்ளயும் பிதுங்கலாம். கப் எழுத்தோட விற்கிற ஸ்போர்ட்ஸ் பிராதான் உங்களுக்கு நல்லது.

கையில இருக்கிறதைத் தூக்கிப் போட வேண்டாம், பட்டியைப் பிடிச்சிடலாம். முதல்ல பட்டியை முழுசா இழுத்துப் பிடிச்சு ஸ்கேல்ல வச்சுப் பாருங்க. இப்ப 20 இன்ச் வந்தா, பிடிச்சப்புறம் 18 கிட்ட நிக்கும், தோளைத் தாண்டிடும். அதுக்குக் குறைஞ்சா மாட்டவே முடியாது, பின்னாடி கொக்கிதான் வைக்கணும். சரியா இருந்தா உள்பக்கத்தைத் திருப்பி, பக்கவாட்டுத் தையல்ல கீழ் விளிம்பிலிருந்து ஆரம்பிங்க. விளிம்புல அரை இன்ச் உள்ள தள்ளி, மேல போகப் போகக் குறைச்சு, மூணு இன்ச் உயரத்துல பழைய தையலோட சேர்த்துடுங்க. ரெண்டு பக்கமும் செஞ்சா மொத்தம் ரெண்டு இன்ச் குறையும். 29 இப்ப 27. அக்குள் வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போயிடாதீங்க, கைச்சுற்று அறுக்கும்.

முதல்ல கையால ஓட்டுத் தையல், போட்டுப் பார்த்துட்டு மிஷின். நேர்த்தையல் போட்டா முதல் இழுப்புலயே நூல் பட்டுன்னு அறுந்துடும், அதனால சின்ன ஜிக்ஜாக். பாலியெஸ்டர் நூல், 11 நம்பர் பால்பாயின்ட் ஊசி, அதாவது முனை உருண்டையா இருக்கிறது. சாதா ஊசி ஸ்பாண்டெக்ஸ் இழையைக் குத்தி அறுத்துடும், நாலு நாள்ல ஓட்டை ஓட்டையா தெரியும். மிச்சத் துணியை வெட்டி, மடிப்பை முதுகுப் பக்கம் படுக்க வச்சு மேல ஒரு ஜிக்ஜாக் ஓட்டுங்க. இல்லைன்னா அந்தத் தடிப்பு விலாவுல உரசும்.

வடமராட்சி:

ஓவர்லாக் சொன்னது சரிதான் அக்கா, ஆனா ஒண்டைப் பாக்காமல் கத்திரிக்கோலை எடுக்காதேங்கோ. பட்டி மேலை ஏறுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு: ஸ்ட்ராப் கட்டையா இருக்கிறது. இந்த மாடலிலை ஸ்ட்ராப்பைக் கூட்டிக் குறைக்க ஏலாது. மார்பு கொஞ்சம் நிறைவா இருந்தாலோ தோளிலை இருந்து மார்புக்குத் தூரம் கூடவா இருந்தாலோ, ஸ்ட்ராப் பட்டியைப் பின்னாலை மேல் நோக்கி இழுக்கும். அப்பிடி எண்டால் பட்டியை எவ்வளவு பிடிச்சாலும் ஏறும்.

ரெண்டையும் பிரிச்சறிய ஒரு வழி இருக்கு. பிராவைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கவாட்டிலை நில்லுங்கோ. ஆரையாவது ரெண்டு தோளிலையும் இருந்து ஸ்ட்ராப்பைக் கைப்பக்கமா இறக்கித் தளர விடச் சொல்லுங்கோ. பட்டி அசையாமல் விலாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பட்டியிலை பிழை இல்லை, ஸ்ட்ராப் தான் கட்டை. பட்டி தொளதொள எண்டு விலகினால் பட்டி தான் பிழை.

பிறகு பின்னாலை இருக்கிற நாலு ஸ்ட்ராப்பையும் தம்புராக் கம்பி மாதிரி ஒவ்வொண்டாச் சுண்டிப் பாருங்கோ. நாலும் ஒரே இறுக்கமா இருக்க வேணும். கனக்க மாடலிலை ரெண்டு தான் பாரம் தூக்கும், மற்ற ரெண்டும் சும்மா அழகுக்கு. அப்ப நாலு ஸ்ட்ராப் எண்டு காசு குடுத்து ரெண்டு ஸ்ட்ராப் பிரா தான் வாங்கியிருக்கிறியள்.

பின்னுக்கு குறுக்கை போறது ஆதியிலை அழகுக்கு வந்த விசயம் இல்லை. 1977இலை அமெரிக்காவிலை வெர்மான்ட்டிலை லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூண்டு பேரும், ஆம்பிளையள் விளையாடேக்கை போடுற ஜாக்ஸ்ட்ராப் ரெண்டைச் சேர்த்துத் தைச்சு முதல் ஸ்போர்ட்ஸ் பிராவைச் செய்தவை. ஓடேக்கை ஸ்ட்ராப் தோளாலை வழுகக் கூடாது எண்டு தான் பின்னுக்கு குறுக்கை விட்டது. வழுகாது, உண்மை. ஆனா குறுக்கை போற ஸ்ட்ராப் தோள் நுனியை விட்டுட்டு கழுத்தடிக்கு வரும். உங்கடை சிவப்புக் கோடு விழுற இடம் அதுதான்.

விடியல்நடை:

பார்த்தாச்சு. ஸ்ட்ராப்பைத் தளர விட்டதும் பட்டி விலகிக் கீழே இறங்குது, உள்ள நாலு விரல் போகுது. சுண்டிப் பார்த்ததுல வெளிப்பக்கம் ரெண்டும் விறைப்பு, நடு ரெண்டும் தொங்கல். தைச்சப்புறம் யோகாவுக்குப் போதுமா? நடைக்கு?

பாய்விரிப்பு:

வீட்டுக்குள்ளயே சோதிச்சுடலாம். நேரா நின்னு கையைத் தலைக்கு மேல தூக்கி அஞ்சு தடவை இறக்குங்க. பட்டி அரை விரல்கடைக்கு மேல நகரக் கூடாது. அடுத்தது அதோமுக ஸ்வானாசனம், அஞ்சு மூச்சு. ஸ்ட்ராப்பி மாடல்ல கழுத்து இறக்கமா இருக்கும், தலைகீழா போனதும் மார்பு கழுத்தை நோக்கிச் சரியும். மேல் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கினா இது உங்க ஆசனங்களுக்கு ஆகாது. சர்வாங்காசனம் செய்றவங்களுக்கு இந்த மாடலை நான் சொல்றதே இல்லை.

புஜங்காசனத்துல மார்புக்கு நடுவுல முடிச்சோ வளையமோ இருந்தா நெஞ்செலும்புல குத்தும். சவாசனத்துல முதுகுப் பக்கம் அதே கதை: ஸ்ட்ராப் எல்லாம் சேர்ற இடத்துல பிளாஸ்டிக் வளையம் வச்சிருப்பாங்க, அது நேரா முதுகெலும்பு மேல வரும். பத்து நிமிஷம் படுத்து எழுந்தா வட்டமா தடம் இருக்கும். வாங்கும்போதே முதுகைச் சுவர்ல சாய்ச்சு அழுத்திப் பாருங்க. வளையம் இல்லாம தட்டையா தைச்சதுதான் தரைப் பயிற்சிக்கு நல்லது.

பட்டியைப் பிடிக்கிறேன்னு ரொம்ப இறுக்கிடவும் வேண்டாம். ஆழமா மூச்சு இழுக்கும்போது விலா ஒண்ணு ரெண்டு இன்ச் விரியும். முழு மூச்சு இழுத்து நாலு எண்ணி நிறுத்துங்க. பட்டி கூடவே விரியணும், விலாவுல தடை தெரியக் கூடாது. மூச்சை விட்டதும் பட்டிக்குள்ள ரெண்டு விரல் படுக்கையா போகணும், மூணாவது போகக் கூடாது.

நடை விஷயம்: ஆற அமர நடந்தா போதும். வேகமா, கையை வீசி நடக்கிறீங்கன்னா டி கப்புக்கு மீடியம் இம்பாக்ட் எடுங்க. மார்புக்குள்ள தசை கிடையாது. தோலும், கூப்பர் தசைநார்னு சொல்ற மெல்லிய இழைகளும்தான் பிடிச்சிருக்கு, அதுவும் ஒரு தடவை நீண்டா திரும்பச் சுருங்காது. மார்பு மேலயும் கீழயும் மட்டும் ஆடுறதில்லை. பக்கவாட்டுலயும் முன்னபின்னவும் சேர்ந்து எட்டு போட்ட மாதிரி சுத்தும். மெல்லிய ஸ்ட்ராப் மேல் கீழ் அசைவைக் கொஞ்சம் குறைக்கும், பக்கவாட்டு அசைவுக்கு அதால ஒண்ணும் செய்ய முடியாது, அக்குள் பக்கம் துணியே இல்லையே. ஸ்கிப்பிங், ஜூம்பா, ஓட்டம் மூணுக்கும் இதைப் போடாதீங்க.

வெயில்கொடி:

பேடு பத்தி யாரும் சொல்லலை. துவைக்கும் முன்னாடி அதை வெளிய எடுக்கணும், அவ்வளவுதான். உள்ளயே விட்டா மிஷின் சுத்துற வேகத்துல மடங்கி, அந்த மடிப்போடயே காய்ஞ்சு நிரந்தரமா நின்னுடும். மாங்காய் வடிவப் பேடா இருந்தா கூரான முனை மேல ஸ்ட்ராப் பக்கம் வரணும். பேடு சின்னதா இருந்தா அதோட ஓரம் மார்பு நடுவுல வட்டமா வெளிய தெரியும். எம் சைஸ்ல வர்ற பேடு டி கப்புக்குப் பத்தறது கஷ்டம். பெருசா தனியா வாங்கிப் போடுங்க, இல்லை எடுத்துடுங்க. தாங்குறதுக்கும் பேடுக்கும் சம்பந்தமே இல்லை, அது வெளிய தெரியாம இருக்கத்தான்.

துவைக்க பச்சைத் தண்ணி போதும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், இழை மேல படிஞ்சு வேர்வை உறிஞ்சுறதைக் கெடுக்கும். பிளீச்சும் வெந்நீரும் ஸ்பாண்டெக்ஸைச் சாகடிக்கும். முறுக்கிப் பிழியாம துண்டுல சுருட்டி அழுத்துங்க. ஸ்ட்ராப்பைக் கிளிப் போட்டுத் தொங்க விட்டா ஈரத்தோட கனத்துல ஸ்ட்ராப் ஒரு பக்கம் நீண்டுடும். நடுவுல மடிச்சுக் கொடி மேல போடுங்க, நிழல்ல. பட்டியில 10 இன்ச் குறிச்சுக்கிட்டு 15 வரைக்கும் இழுத்து விட்டுப் பாருங்க. திரும்பி 10க்கு வராம 10.5ல நின்னா எலாஸ்டிக் போச்சு. அதுக்கப்புறம் பிடிச்சுத் தைக்கிறது வீண் வேலை.

இன்னொண்ணு, பட்டியை இப்ப இறுக்கப் போறீங்க. நம்ம ஊர்ப் புழுக்கத்துல வேர்த்த பட்டியோட ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தா மார்புக்குக் கீழ் மடிப்புல அரிப்பும் சிவப்பும் வரும். பயிற்சி முடிஞ்ச உடனே மாத்துங்க, அந்த இடத்தைக் கழுவி ஒத்தி முழுசா காயவிட்டு அடுத்ததைப் போடுங்க. பவுடரை அப்பினா வேர்வையில கட்டியாகி இன்னும் உரசும். உரசுற தையல் ஓரத்துக்குப் போடும் முன்னாடி துளி பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். சிவப்பைச் சுத்திப் பொடிப்பொடியா புள்ளி வந்தா அது பூஞ்சையா இருக்கலாம், கடையில கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்காம தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

விடியல்நடை:

ஓட்டுத் தையல் போட்டுப் பார்த்தேன். பட்டி இப்ப நிக்குது, ரெண்டு விரல் சரியா போகுது, கழுத்தோரம் பாதி குறைஞ்சிருக்கு. நடு ஸ்ட்ராப் ரெண்டும் இன்னும் தொங்குது.

வடமராட்சி:

அது ரெண்டையும் பட்டியிலை சேர்ற இடத்திலை அவிட்டு, கால் இஞ்சி கட்டையாக்கித் திரும்பத் தையுங்கோ. ஒரேயடியா அரை இஞ்சி வேண்டாம், பிறகு வெளி ரெண்டும் தொங்கும். தைச்ச பிறகு திரும்பச் சுண்டிப் பாருங்கோ, நாலும் ஒரே மாதிரி விறைக்க வேணும். அப்ப மிச்சப் பாதியும் குறையும்.