சின்ன பக்கியில் (பிக்அப் வண்டியில்) கனமான டிரெய்லர்: ஏற்றத்தில் முன்சக்கரம் சும்மா சுற்றுகிறது, உதவி வேண்டும்

பந்தல்காரர், சாட்ஸ்வொர்த்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கல்யாணத்துக்கும் காவடிக்கும் பந்தல், நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். என்னிடம் இருப்பது ஹாஃப் டன் சரக்கு ஏற்றும் பக்கி, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. போன மாதம் இரட்டை அச்சு டிரெய்லர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், தகட்டில் பொருளோடு சேர்த்து அதிகபட்ச மொத்த எடை 1500 கிலோ என்று அடித்திருக்கிறது. சனிக்கிழமை விடிகாலை பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும்போது நல்ல தூறல், கீ ரிட்ஜ் ஏற்றத்தில் லாரி வரிசைக்குப் பின்னால் நின்று மறுபடி கிளப்பினால் முன்சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரத்து உச்சியில் அடிக்கிறது. பின் ஸ்பிரிங்குக்குக் காற்றுப்பை போட்டால் சரியாகுமா?

பழைய மெக்கானிக், பீனிக்ஸ்:
தம்பி, காற்றுப்பை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும், ஹெட்லைட்டும் கீழே வரும். ஆனால் முன்சக்கரத்தில் குறைந்த பாரம் திரும்ப வராது. இது சீசா மாதிரி. டிரெய்லரை மாட்டும் கொக்கிக் குண்டு உன் வண்டியின் பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது, இரண்டு அச்சுக்கும் இடையே 2.9 மீட்டர் என்றால், குண்டில் 160 கிலோ உட்கார்ந்தாலே முன்பக்கம் 55 கிலோ லேசாகிவிடும், ஸ்பிரிங் எதுவானாலும். முதலில் மூக்கின் பாரத்தை, அதாவது டிரெய்லரின் முன்முனை கொக்கிக் குண்டை அழுத்தும் எடையை, அளந்து பார். குளியலறைத் தராசு தாங்காது, அதனால் ஒரு பலகையின் ஒரு முனையைச் செங்கல் மேலும், அங்கிருந்து 90 செ.மீ. தள்ளித் தராசின் மேலும் வை. செங்கல்லிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் மூக்கை இறக்கி, தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கு. பொருள் ஏற்றி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்போதுதான் அளக்கணும். பொருளோடு டிரெய்லர் இருக்கும் எடையில் பத்தில் ஒரு பங்கு வந்தால் நல்லது. ரொம்பக் குறைத்துவிடாதே, டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும்.

லாரி ஓட்டுநர், டோங்காட்:
ஏறுவதை விடுங்கள் அண்ணா, இறங்குவதை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. 2013-இல் பீல்ட்ஸ் ஹில்லில் லாரிக்கு பிரேக் பிடிக்காமல் எத்தனை உயிர் போனது! டிரெய்லரில் இருப்பது ஓவர்ரன் பிரேக் (டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளும்போது தானாகப் பிடிப்பது) என்றால், அதன் தகட்டு எடை இழுக்கிற வண்டியின் வெறும் எடையைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். தகட்டு எடை 750 கிலோவுக்கு மேல் போனால் லைசென்ஸும் ஈபி கோடு (கனமான டிரெய்லர் இழுக்கும் வகை) வேண்டும். இரண்டையும் பார்த்தீர்களா?

பந்தல்காரர்:
அளந்தேன். தராசில் 54, அதாவது மூக்கில் 162 கிலோ. ஜெனரேட்டரை முன்மூலையில் கட்டியிருந்தேன், அதை அச்சுக்கு மேலே நகர்த்தியதும் 108-க்கு இறங்கியது, எடைமேடையில் பொருளோடு டிரெய்லர் 1120 கிலோ. ஆனால் பக்கியின் வெறும் எடை 1080 கிலோதான், டிரெய்லர் தகடோ 1500. லைசென்ஸும் பி கோடு மட்டும்தான். இதெல்லாம் தெரியாமலே பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன், நினைத்தாலே கை நடுங்குகிறது.

பழைய மெக்கானிக்:
அப்படியென்றால் காற்றுப்பைக்குக் காசு போடாதே. 1500-க்கு மேல் வெறும் எடை உள்ள ஒரு டன் பக்கி பார். அதுவரை தகட்டு எடை 500 கிலோ உள்ள சின்ன டிரெய்லரில் இரண்டு நடை அடி. அதற்கும் உன் வண்டியின் புத்தகத்தில் உள்ள இழுவை அளவைப் பார்த்துக்கொள்.

பந்தல்காரர்:
சரி அண்ணா. பெரிய டிரெய்லரை இன்றே கழற்றி நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை மறுபடி பீட்டர்மாரிட்ஸ்பர்க் வேலை இருக்கிறது, ஒரு டன் பக்கியும் ஈபி லைசென்ஸும் உள்ளவர் யாராவது வாடகைக்கு வந்தால் சொல்லுங்கள்.