கையெழுத்துப் போடவில்லை, இப்போது வீட்டில் எப்படிப் பேசுவது?

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

போன மாதம் ஆபீசில் மேலதிகாரி ஓர் ஆய்வு அறிக்கையை என் முன்னால் தள்ளினார். நடக்காத சோதனைக்குத் தேதி போட்டுக் கையெழுத்திடச் சொன்னார். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடி வைத்துவிட்டு, "முடியாது சார்" என்றேன். இப்போது மதியம் என் பக்கத்தில் யாரும் சாப்பிட உட்காருவதில்லை. வரவேண்டிய பதவி உயர்வும் போய்விட்டது.

வேதாகமத்தில் லூக்கா 14-இல், கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொல்கிறார். நான் என் பங்கை மட்டும் பார்த்தேன். "நீங்க செஞ்சது சரிதான், ஆனா பிள்ளைங்க ஃபீஸ்?" என்று மனைவி கேட்டபோது வசனம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளும் விசுவாசிதான். அவள் பயத்தை அவிசுவாசம் என்று சொல்ல மாட்டேன்.

தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்ற வேண்டும் என்று இயேசு சொல்லும் இடத்தில், மத்தேயுவிலும் மாற்கிலும் இல்லாத 'அநுதினமும்' என்ற சொல் லூக்கா 9:23-இல் இருக்கிறது. ஒரு நாள் துணிச்சல் எனக்கு இருந்தது. மறுநாளும் கசப்பில்லாமல் அதே நாற்காலியில் போய் உட்காருவதுதான் முடியவில்லை.

இப்படி இழந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: வீட்டில் எப்படிப் பேசினீர்கள்? கூட வேலை செய்கிறவர்களிடம் பழையபடி பழக என்ன செய்தீர்கள்? ஜெபியுங்கள், கூடவே இரண்டு வரி எழுதுங்கள். தனியாக அனுப்பினாலும் சரி.