வட்டக்கானலில் இருந்து கும்பக்கரைக்கு ஒரே நாளில் இறங்க முடியுமா? அப்பாவுக்கு 58 வயது

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் நானும் அப்பாவும் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் ஆரம்பித்து டால்பின் நோஸ் பாறை, வெள்ளகெவி கிராமம் வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை அருவிக்கு நடந்து இறங்கலாம் என்று இருக்கிறோம். அப்பா தினமும் காலையில் நடக்கிறவர், மூச்சு வாங்குவது கிடையாது, ஆனால் மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது முட்டியைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார். ஏற்றமே இல்லை, முழுக்க இறக்கம்தான், அதனால் சுலபம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? மதுரையில் இருந்து அதிகாலை பஸ் பிடித்தால் சாயங்காலத்துக்குள் பெரியகுளம் வந்துவிட முடியுமா? கைடு கட்டாயமா?

பெரியகுளத்துக்காரன்:
மதுரையில் இருந்து காலையில் கிளம்பி அன்றைக்கே இறங்குவது வேண்டாம் தங்கச்சி. மதுரை - கொடைக்கானல் பஸ்ஸுக்கே கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகும், அங்கிருந்து வட்டக்கானல் போய் நடக்க ஆரம்பிக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும், மலையில் ஜனவரி மாதம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு. முந்தின நாளே போய் வட்டக்கானலில் தங்கிவிட்டு, காலை ஏழு மணிக்குக் காலெடுத்து வையுங்கள். காரிலும் போகாதீர்கள், நீங்கள் இறங்குவது மலைக்கு இந்தப் பக்கம், கார் அந்தப் பக்கம் நிற்கும். 2024 மே மாதத்தில் இருந்து கொடைக்கானலுக்கு வண்டியில் போனால் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலையும் மிச்சம்.

பாதையைப் பற்றிச் சொல்கிறேன். மேலே சோலைக்காடு, மரவேர்களே படியாக இருக்கும், பனி ஈரத்தில் வழுக்கும். டால்பின் நோஸைத் தாண்டினதும் செங்குத்தான இறக்கம் வரும். அப்புறம் காபி, எலுமிச்சை, வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள், அதற்கும் கீழே போகப்போக முள்ளும் பாறையுமான வறண்ட காடு. காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பின ஆள் மத்தியானம் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்ப்பார். ஒரே நாளில் இத்தனை விதமான காட்டைப் பார்க்கக் கிடைப்பதால்தான் எனக்கு இந்தப் பாதை அவ்வளவு பிடிக்கும்.

வெள்ளகெவி கொடைக்கானல் டவுனைவிடப் பழைய ஊர். 1821-இல் வார்டு என்கிற வெள்ளைக்கார சர்வேயர் அந்த ஊரில் தங்கித்தான் மேலே ஏறி அளந்தார், அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினது 1845-இல். ஊர் எல்லைக்குள் யாரும் செருப்பு போடுவது இல்லை. ஊர் முழுக்கக் கோயில், அவர்களுக்கு ஊரே கோயில் மாதிரி. எல்லை வந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்கிறவரை காத்திருக்காதீர்கள்.

முட்டி_முக்கியம்:
"இறக்கம்தானே" என்று சொன்ன சொந்தக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டாம். மேலிருந்து கீழே 1,500 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும், ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடை முழுக்க முன்தொடை தாங்கிப் பிடிக்கிறது, தொடை களைத்ததும் அந்த அடி நேராக முட்டிக்குப் போகும். மாடிப்படி இறங்கவே கைப்பிடி தேவைப்படுகிறவரை முதலில் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்னால், இப்போதிருந்தே கீழக்குயில்குடி சமணர் மலைப் படிகளில் வாரத்துக்கு மூன்று நாள் ஏறி இறங்கட்டும், சமதரையில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அந்தப் பழக்கம் வராது. இரண்டு கையிலும் கம்பு. கால் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் விரல் முன்னால் போய் இடிக்காது. புது ஷூ கூடாது.

சோலைமந்தி:
கைடு பற்றிக் கேட்டீர்கள். டால்பின் நோஸ் வரை சுற்றுலாப் பயணிகள் போகிற இடம், அதற்குக் கீழே வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்காதீர்கள், "நான் வழி காட்டுகிறேன், பெர்மிட் எல்லாம் தேவையில்லை" என்று வட்டக்கானலில் யாராவது கூப்பிட்டாலும் சரி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடந்ததை மறந்துவிடக் கூடாது, காய்ந்த புல்லில் தீ பிடித்து, மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். காற்று அடிக்கும்போது புல்மேட்டில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது, அதுவும் வழி தெரியாத சரிவில். அதற்கு அப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. அனுமதி வாங்கினால் யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்பது வனத்துறைக்குத் தெரியும். 2024 அக்டோபரில் இருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் 40 பாதைகளுக்குப் பதிவு செய்யலாம், உள்ளூர் பழங்குடி இளைஞர்களே கைடாக வருகிறார்கள். எந்தப் பாதை அப்போது திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். ஜனவரியைத் தள்ளிப்போட வேண்டாம், பிப்ரவரி பாதியில் தீக்காலம் என்று மூடிவிடுவார்கள்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், மருத்துவரிடம் வர ஒத்துக்கொண்டார். ஒரு சந்தேகம்: வெள்ளகெவி வரைக்கும் இறங்கிவிட்டு அங்கே முட்டி வலித்தால் என்ன செய்வது?

பெரியகுளத்துக்காரன்:
அதை வெள்ளகெவியில் முடிவு செய்யக் கூடாது. அங்கிருந்து திரும்பி ஏறுவதும் கஷ்டம், கீழே இறங்குவதும் கஷ்டம். டால்பின் நோஸ் பாறையில் பத்து நிமிஷம் உட்காருங்கள், அப்பாவை எழுந்து நாலு அடி இறங்கச் சொல்லிப் பாருங்கள். முகம் சுளித்தால் அங்கேயே கைடிடம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள், அங்கிருந்து வட்டக்கானல் பக்கம்தான்.

முட்டி நன்றாக இருந்தால் வெள்ளகெவியில் டீ குடித்துவிட்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு இறங்குங்கள். கீழ்ப்பாதி வெயிலில் அது பத்தும் பத்தாமல்தான் இருக்கும். ஸ்டீல் பாட்டிலாகக் கொண்டுபோங்கள், கொடைக்கானலில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. கும்பக்கரையில் குளிக்கும் எண்ணம் இருந்தால் முந்தின நாள் மழை பெய்ததா என்று விசாரியுங்கள், தண்ணீர் கூடினால் அருவியை அடைத்துவிடுவார்கள். அங்கிருந்து பெரியகுளத்துக்கு ஆட்டோ கிடைக்கும், மதுரைக்கு ராத்திரியிலும் பஸ் உண்டு.